தன்வினை, பிறவினை

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இரண்டு சொற்களும் ஞாபகம் இருக்கும். 'உருண்டது' தன்வினை, 'உருட்டினான்' பிறவினை. பரீட்சையில் ரெண்டு மார்க். கல் உருண்டது என்று சொன்னால் கதை கல்லோடு முடிந்துவிடும். கல்லை உருட்டினான் என்று சொன்னால் யார், எதுக்கு, எந்தப் பக்கமா, கீழே யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும்.

காலநிலை நீதி என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்த ரெண்டு மார்க் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வாளர்களும் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எதற்காகச் சேர வேண்டும், சேர்ந்தால் யார் யாருக்கு என்ன கடன்படுகிறார்கள் என்று கேட்டால் பதில் மங்கலாகிவிடும். இந்தக் கட்டுரையில் அதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்ளப் பார்க்கிறேன்.

1

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்தில் கடலில் நகர்ந்து, ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. நகரத்தின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டரை ஒட்டி மழை. வெள்ளம் வடியும்போது எண்ணூர் கழிமுகத்துக்கு வேறொன்று வந்து சேர்ந்தது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி மரங்களின் வேர், வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் அப்பியது. மீனவர்கள் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது.

அந்த வாரம் டிவியிலும் ஃபோனிலும் ஓடிய வாக்கியங்களைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். மழை கொட்டியது. வெள்ளம் புகுந்தது. எண்ணெய் கலந்தது. மீன் செத்தது. எல்லாமே தன்வினை. இந்த நாலு வாக்கியமும் ஒரே வகை இல்லை. மழை கொட்டியதில் புவி வெப்பமாதலுக்குப் பங்கு உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல். எண்ணெய் கலந்ததில் வளிமண்டலத்துக்கு வேலையே இல்லை. அதற்குக் குழாய் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, கண்காணிக்க வேண்டிய துறை இருக்கிறது. ஆனால் ஒரே புயலில் நடந்ததால் இரண்டும் 'இயற்கைச் சீற்றம்' என்ற ஒரே பைக்குள் போய்விட்டன.

'காலநிலை மாற்றம்' என்ற சொல் இப்போது அந்தப் பையாக மாறிக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் முன்னால் இந்தச் சொல்லை அரசியல்வாதிகள் வாயில் வரவழைக்கச் செயற்பாட்டாளர்கள் பாடுபட்டார்கள். இன்று அவர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். ஏரியை ஆக்கிரமித்த இடத்தில் தண்ணீர் நின்றாலும் காலநிலை மாற்றம், மழைநீர் வடிகால் வேலை முடியாமல் கிடந்தாலும் காலநிலை மாற்றம். உலகமே சேர்ந்து செய்த தப்புக்கு ஒரு வட்டார அதிகாரி என்ன செய்வார், பாவம்.

2

தெரிந்தவர்கள் கூப்பிட்டால் எண்ணூர்ப் பக்கம் நடக்கும் சில கூட்டங்களுக்கு மொழிபெயர்க்கப் போவேன். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் பேசும் ஆய்வாளர்கள், எதிர்ப்பக்கம் மீனவர்கள், நடுவில் செயற்பாட்டாளர்கள், ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். மொழிபெயர்ப்பில் கஷ்டமான சொல் எதுவென்று கேட்டால் கன உலோகமோ கார்பனோ கிடையாது. 'அநேகமாக' என்பதுதான்.

விஞ்ஞானிகளுக்கு 'அநேகமாக' என்பதிலும் படிகள் உண்டு. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி, தன் அறிக்கைகளில் ஒரு விஷயம் நடக்க 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் ஒரு சொல், 90க்கு மேல் என்றால் இன்னொரு சொல், 99க்கு மேல் என்றால் வேறொன்று என்று வரையறுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் வருடக்கணக்கான சண்டை இருக்கும். அதைத் தமிழில் 'அநேகமா அப்படித்தான் இருக்கும்னு சொல்றாரு' என்று நான் சொல்லும்போது காற்றில் எதுவோ போய்விடுகிறது. செயற்பாட்டாளருக்கு எரிச்சல் வரும். அவருக்கு நாளைக்குக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். மனுவில் 'அநேகமாக' என்று எழுத முடியாது. "சார், ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க" என்பார்.

ஆய்வாளர்கள் கோழைகள், செயற்பாட்டாளர்கள் மிகைப்படுத்துகிறவர்கள் என்ற இரண்டு புகார்களும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஆனால் நான் கவனித்தவரை, 'அநேகமாக' என்பதைக் கேட்டு அதிர்ச்சி அடையாத ஒரே தரப்பு மீனவர்கள். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "நாங்க தொழிலுக்குப் போறதே அப்படித்தான் தம்பி. காத்து திரும்பும்னு தெரியும், எப்போன்னு யாரு சத்தியம் பண்றது? அதுக்காக வலைய எடுக்காமயா இருக்கோம்?"

நிச்சயமின்மையோடு வாழ்கிறவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி முடிவு எடுக்கப் பழகியிருக்கிறார்கள். நூறு சதவீதம் கேட்பது ஆபீஸ். அங்கே நூறு வந்து சேரும் வரைக்கும் கோப்பு நகராது. அப்படியானால் ஆய்வாளரின் 'அநேகமாக'வைச் செயற்பாட்டாளர் 'நிச்சயமாக' என்று மாற்றுவது பிரச்சினைக்குத் தீர்வு ஆகாது. 'அநேகமாக' போதும், செயல்பட இதுவே போதுமான காரணம் என்று வாதாடுவதுதான் அவர் செய்யக்கூடிய வேலை. இது கஷ்டமான வேலை. ஆனால் உண்மையை வளைக்காத வேலை.

3

வளைத்தால் என்ன, நல்ல காரியத்துக்குத்தானே என்று கேட்கலாம். நானும் இதை யோசித்திருக்கிறேன். மடகாஸ்கர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

2021-இல் மடகாஸ்கரின் தெற்கில் தொடர்ந்து மழை பொய்த்துக் கொடும்பசி. காலநிலை மாற்றம் உண்டாக்கிய முதல் பஞ்சம் என்று ஐ.நா. அமைப்புகளே உலகத்துக்கு அறிவித்தன. செய்தி பரவியது, மனசாட்சிகள் குத்தின. அந்த டிசம்பரில் 'உலக வானிலைக் காரணியறிதல்' என்ற விஞ்ஞானிகள் குழு தன் ஆய்வை வெளியிட்டது. தனித்தனிப் பேரிடர்களில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவதுதான் அவர்கள் வேலை. பெரும்பாலான வெப்ப அலைகளுக்கு 'ஆம், பங்கு இருக்கிறது' என்று சொன்னவர்கள். மடகாஸ்கருக்கு அப்படிச் சொல்லவில்லை. மழை குறைந்ததில் இயற்கையான ஏற்ற இறக்கமே பெரும்பங்கு, காலநிலை மாற்றத்தின் பங்கு இருந்தாலும் மிகச் சிறியது. வறுமையும், மழையை மட்டும் நம்பிய விவசாயமும், கட்டமைப்பு இல்லாததும்தான் வறட்சியைப் பசியாக்கின என்றார்கள்.

காலநிலைக்காகக் குரல் கொடுப்பவருக்கு இது கசப்பான முடிவுதான். ஆனால் அந்த ஆய்வு என்ன செய்தது என்று பாருங்கள். 'மழை பொய்த்தது' என்பதைத் தன்வினையாகவே விட்டுவிட்டு, 'பசித்தார்கள்' என்பதைப் பிறவினையாகத் திருப்பியது. பட்டினி போடப்பட்டார்கள். யாரால்? கேள்வி ஆட்சி செய்பவர்களையும், உதவுகிறோம் என்று வந்தவர்களையும், வரலாற்றையும் நோக்கித் திரும்புகிறது. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃப்ரீடெரிக்கே ஓட்டோ, வேறு இருவரோடு சேர்ந்து 2022-இல் எழுதிய கட்டுரையில் இதையே வாதமாக வைத்தார்: பேரிடர்களுக்கெல்லாம் காலநிலையைக் குற்றம் சொல்வது, சமூகத்தில் உண்டாக்கப்பட்ட பலவீனங்களுக்குப் பொறுப்பானவர்கள் நழுவ வசதியான வழி.

காலநிலை விஞ்ஞானி ஒருவரே இப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த வினையைப் பிறவினையாக மாற்ற ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று சரிபார்த்துச் சொல்வது ஆய்வாளரின் கடமை. ஆதாரம் இருக்கிற இடத்தில் மாற்றியே தீர வேண்டும் என்று நிற்பது செயற்பாட்டாளரின் கடமை. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யத் தொடங்கினால் இரண்டு வேலையும் கெட்டுப்போகும்.

4

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காரணங்களைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லோர் கையிலும் சின்னச் சின்னத் துண்டுதான் மிஞ்சும். 'என் பங்கு ரொம்பச் சின்னது சார்' என்று ஒவ்வொருவரும் கையை விரிப்பார்கள். பிரித்துப் பார்ப்பது குற்றவாளிக்கு உதவுகிற வேலை இல்லையா?

பெரு நாட்டு மலை விவசாயி சவுல் லூசியானோ லியூயா இந்தத் துண்டையே கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அவருடைய வாராஸ் நகரத்துக்கு மேலே பல்காகோச்சா என்ற ஏரி. பனிப்பாறை உருகி ஏரி பெருத்துக்கொண்டே வருகிறது. உடைந்தால் ஊர் போய்விடும். ஜெர்மனியின் மின்நிறுவனமான ஆர்.டபிள்யூ.இ. மீது 2015-இல் வழக்குப் போட்டார். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து உலகம் வெளியிட்ட கரிவாயுவில் எந்தப் பெருநிறுவனத்துக்கு எவ்வளவு பங்கு என்று ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளர் போட்ட கணக்கு அவருக்குக் கைகொடுத்தது. அந்தக் கணக்கின்படி ஆர்.டபிள்யூ.இ.யின் பங்கு 0.47 சதவீதம். அப்படியானால் வெள்ளத் தடுப்புச் செலவிலும் 0.47 சதவீதம் கொடு என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை.

2025 மே மாதம் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் வீட்டுக்கு வெள்ளம் வருகிற வாய்ப்பு மிகக் குறைவு என்ற நிபுணர் மதிப்பீட்டை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் பெரிய உமிழ்வாளர்கள் தூரதேசத்தில் நடக்கும் பாதிப்புக்குக்கூடக் கொள்கையளவில் பொறுப்பாகலாம் என்று அதே தீர்ப்பில் எழுதியது. ஒரு எண் அவரைத் தோற்கடித்தது. இன்னொரு எண் அடுத்து வருகிறவர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தது.

துண்டு சின்னதாக இருப்பதால் நீதி சின்னதாகிவிடாது. மொத்தக் கடனில் என் பங்கு இவ்வளவு என்று சொல்லிக் கேட்பதுதான் எழுத்தறிவில்லாத சீட்டுக் கம்பெனியில்கூட நடைமுறை. பங்கு தெரியாத வரைதான் யாரும் கொடுக்க வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தை நம் நாட்டிலேயே 1991-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் உலக வளங்கள் நிறுவனம் இந்தியா, சீனா போன்ற நாடுகளையும் வெப்பமாதலின் பெரும் பொறுப்பாளிகள் பட்டியலில் சேர்த்தபோது, டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அதே எண்களை எடுத்து எதிர்க்கணக்குப் போட்டார்கள். வயிற்றுக்காக நடவு செய்யும் நெல்வயலிலிருந்து வரும் மீத்தேனும், சொகுசுக் காரிலிருந்து வரும் புகையும் ஒரே கணக்கில் எப்படி வரும் என்று கேட்டார்கள். 'மனிதகுலம் பூமியைச் சூடாக்கியது' என்ற வாக்கியத்தில் பிறவினை இருக்கிறது, எழுவாயும் இருக்கிறது. ஆனால் அந்த எழுவாய் அளவுக்கு மீறிப் பெரியது. 'இயற்கை' என்று சொல்லித் தப்பிப்பது ஒரு வழி என்றால், 'நாம் எல்லோரும்' என்று சொல்லித் தப்பிப்பது இன்னொரு வழி. அவர்கள் இருவரும் அந்த 'எல்லோரையும்' உடைத்தார்கள். அவர்களை ஆய்வாளர்கள் என்பதா, செயற்பாட்டாளர்கள் என்பதா?

5

எண்ணூருக்குத் திரும்புவோம். அங்கே மாற்றப்பட்ட சில வினைச்சொற்களை வரிசைப்படுத்துகிறேன்.

கழிமுகம் தூர்ந்துவிட்டது என்றார்கள். மீனவர்கள் தூர்த்துவிட்டார்கள் என்றார்கள். ஆற்றைத் தாண்டிப் போகும் குழாய்களில் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் கசிந்து வருடக்கணக்காகப் படிவதை அவர்கள் கால் வைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். முன்பு இடுப்பளவு தண்ணீர், இப்போது முழங்காலளவு சேறு. மீனவர் தரப்பிலிருந்து போன வழக்கில் நிபுணர் குழு ஆய்வு செய்தது. 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்க உத்தரவிட்டது. கால் சொன்னது, கருவி சொன்னது, தீர்ப்பு சொன்னது. மூன்றும் ஒரே வினைச்சொல்லில் வந்து சேர இத்தனை காலம்.

கழிமுகம் மறைந்தது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. மாநில அரசுத் தரப்பு கையில் வைத்திருந்த இன்னொரு வரைபடத்தில் அது இல்லை என்பது 2017-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்த ஆவணங்களால் பேசுபொருளானது. வரைபடம் தன்னைத் தானே வரைந்துகொள்ளாது.

அடுத்தது காக்கா ஆழி. இது எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் இதில் யாரும் யாருக்கும் மேலே இல்லை. ஆற்றுப் படுகையில் கருப்பாக ஒரு சிப்பி கம்பளம் விரித்தாற்போலப் படர்வதையும், சேற்றில் வாழும் இறாலுக்கு இடமில்லாமல் போவதையும் முதலில் பார்த்தவர்கள் மீனவர்கள். பெயர் வைத்ததும் அவர்களே. இது மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த அயல் இனம், கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன பிறகு தெரிந்தது. 'புதுசா ஒண்ணு வந்திருக்கு' என்பதற்கும் 'கப்பல் கொண்டுவந்திருக்கலாம்' என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை இரண்டு தரப்பும் சேர்ந்துதான் நடந்தார்கள். முதல் பாதியை 'அனுபவம்' என்றும் இரண்டாவது பாதியை 'அறிவு' என்றும் எழுதுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. நன்றியுரையில் 'உள்ளூர் மக்கள்' என்று ஒரு வரி வரும். அந்த வரியில் எழுவாய் இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

6

இதுவரை சொன்னது எல்லாம் சுமுகமாகத் தெரிகிறது. ஒரு கூட்டத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கேட்டது அப்படி இல்லை. அதை மொழிபெயர்த்ததும் அறை அமைதியாகிவிட்டது. மீனில் கன உலோகம் இருக்கிறதா என்று சோதிப்பதைப் பற்றிப் பேச்சு. அவர் சொன்னார்: "மீன்ல விஷம்னு நீங்க பேப்பர்ல போட்டா அன்னிக்கே என் கூடை அப்படியே நிக்கும். அந்த ஆலை நிக்குமா?"

உண்மையைச் சொன்னால் முதல் அடி யார் மேல் விழுகிறது? மாசு செய்தவருக்கு வக்கீல் இருக்கிறார், மேல்முறையீடு இருக்கிறது, அவகாசம் இருக்கிறது. கூடைக்காரிக்குச் சாயங்காலத்துக்குள் மீன் போக வேண்டும். அவரைக் காப்பாற்ற எடுக்கிற ஆதாரமே அவர் பிழைப்பைக் கெடுக்கும். அதற்காக மறைத்தால் அவரும் அவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த மீனைத்தானே சாப்பிடுகிறார்கள்? வாங்கிப் போகிறவர்கள் மட்டும் யார், வடசென்னையின் கூலித் தொழிலாளிகள்தானே?

மறைக்கக் கூடாது என்பதுதான் என் முடிவு. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற உரிமை ஆய்வாளருக்கும் கிடையாது, செயற்பாட்டாளருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. முடிவு பத்திரிகைக்குப் போவதற்கு முன்னால் அந்த அக்காவுக்கு அவர் மொழியில் போக வேண்டும். 'எண்ணூர் மீனில் நச்சு' என்று தலைப்பு வந்தால் குற்றவாளி மீன். அந்த மீனுக்குள் உலோகத்தைச் சேர்த்தது எது என்பது அதே வாக்கியத்தில், அதே எழுத்தளவில் வர வேண்டும். விற்பனை படுக்கும் நாட்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கை, ஆய்வறிக்கையின் பின்னிணைப்பாக இல்லாமல் அதோடு கூடவே போக வேண்டும். இழப்பீடு வரும்வரை உடன் இருக்க வேண்டும். ஆராய்ச்சி நிதி மூன்று வருடத்தில் முடியும், கட்டுரை வந்ததும் பதவி உயர்வு வரும், போராட்டம் வேறு ஊருக்கு நகரும். அவர் அங்கேயேதான் இருப்பார். சேர்ந்து வேலை செய்வது என்றால் அறிவைப் பகிர்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நட்டத்தைப் பகிரவில்லை என்றால் அது பாதிச் சேர்க்கைதான்.

இப்படி ஒட்டிக்கொண்டால் ஆய்வாளரின் நடுநிலை போய்விடாதா? எதைக் கேட்பது என்பதில் பக்கம் இருக்கலாம், எல்லா ஆய்விலும் இருக்கத்தான் செய்கிறது. எண்ணூரில் சாம்பலை அளப்பதா, துறைமுகத்தின் லாபத்தை அளப்பதா என்பதே ஒரு பக்கம்தான். ஆனால் என்ன பதில் வருகிறது என்பதில் பக்கம் இருக்கக் கூடாது. நாளைக்கு மீனில் உலோகம் அபாய அளவுக்குக் கீழே இருக்கிறது என்று வந்தால் அதையும் அதே கூட்டத்தில், அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். செயற்பாட்டாளர் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கொடுக்க வேண்டிய கடன் அது.

வடசென்னையில் எரிகிற நிலக்கரி இந்த மாநிலம் முழுக்க ஓடும் ஏசிக்கும், நீங்கள் இதைப் படிக்கிற ஃபோனுக்கும் போகிறது. அதற்காக 'நாமும்தானே காரணம்' என்று பெருமூச்சு விட்டு முடித்துக்கொண்டால் மறுபடியும் 'எல்லோரும்' வந்துவிடுவார்கள். நம் பங்கு இருக்கிறது, அது ஒரு துண்டு. குழாயைப் பழுது பார்க்காதவரின் துண்டு அதைவிடப் பெரியது. இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த புயல் வரும். அநேகமாக இன்னும் கனமான மழையோடு வரும். அன்றைக்குச் செய்தி படிக்கும்போது வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். புகுந்தது, கலந்தது, சரிந்தது, இறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யாராவது ஒரு பெயரை எழுத முடியுமா என்று ஆய்வாளர்களைக் கேளுங்கள். எழுத முடியாது என்று அவர்கள் சொல்கிற இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். எழுத முடியும் என்று சொல்கிற இடத்தில் எழுதும்வரை விடாதீர்கள்.